டம்மி டக் ஆபரேஷனுக்குப் பிறகு பெல்ட்டைச் சரியாகக் கட்டுவது எப்படி?

டம்மி டக் (tummy tuck), அதாவது தொங்கும் வயிற்றுத் தோலை வெட்டிச் சரிசெய்யும் ஆபரேஷன் முடிந்து புதுச்சேரி முத்தியால்பேட்டை வீட்டுக்கு வந்த பிறகு என்னை அதிகம் பயமுறுத்தியது தையல் இல்லை, வயிற்றைச் சுற்றிக் கட்டும் பெல்ட்தான். ஆஸ்பத்திரியில் நர்ஸ் இரண்டே நிமிஷத்தில் கட்டிவிட்டார். வீட்டில் முதல்முறை கழற்றி மாட்ட எனக்கும் அம்மாவுக்கும் அரை மணி நேரம் ஆனது. நாங்கள் பழகிக்கொண்ட முறையை இங்கே எழுதுகிறேன். தினம் எத்தனை மணி நேரம், மொத்தம் எத்தனை வாரம் என்பதில் உங்கள் சர்ஜன் சொல்வதுதான் கணக்கு.

எதற்குக் கட்டுகிறோம் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. இந்த ஆபரேஷனில் வயிற்றுத் தோலையும் கொழுப்பையும் தசையிலிருந்து பிரித்துத் தூக்கி, விலகிய தசைகளைச் சேர்த்துத் தைத்து, மிச்சத் தோலை வெட்டி எடுக்கிறார்கள். பிரித்த இடத்தில் நீர் கோத்துக்கொள்ளப் பார்க்கும். பெல்ட் தோலைத் தசைமேல் படிய வைக்கிறது, வீக்கத்தை அடக்குகிறது, இருமும்போதும் எழும்போதும் பிடிமானம் தருகிறது. கொழுப்பை அது கரைக்காது.

இங்கேதான் அம்மாவோடு வாக்குவாதம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டில் பிள்ளை பெற்றவளுக்குப் பழைய நூல் புடவையால் வயிற்றை இறுக்கிக் கட்டுவார்கள். அந்தப் பழக்கத்தில், "இன்னும் ஒரு இழுப்பு இழுத்தாத்தாண்டி வயிறு அமுங்கும்" என்றார். வேண்டாம்மா என்று கையைப் பிடித்துக்கொண்டேன். பிரித்துத் தைத்த தோலுக்கு ரத்த ஓட்டம் ஏற்கெனவே குறைவு. மேலும் இறுக்கினால் காயம் ஆறுவதே தள்ளிப்போகும்.

1. முதலில் பனியன். மெல்லிய பருத்தியில், உடம்போடு ஒட்டியதாக இருக்கட்டும். இடுப்புக்குக் கீழே வரை இழுத்துவிட்டு, உள்ளங்கையால் நீவிவிடுங்கள். ஒரு சுருக்கம்கூடக் கூடாது.

2. படுத்தபடியே கட்டுங்கள். தலையையும் முழங்கால்களையும் தலையணையால் உயர்த்திக்கொள்ளுங்கள். ஒருக்களித்துத் திரும்பியதும், கூட இருப்பவர் பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் விரித்துச் செருகட்டும். பிறகு மெல்ல மல்லாந்து படுங்கள்.

3. உள்ளே சேரும் நீரை வெளியேற்ற ட்ரெயின் (drain) ட்யூப் வைத்திருந்தால், பெல்ட்டுக்கு அடியில் மடங்கி நசுங்காதபடி வெளியே எடுத்துவிடுங்கள். அதன் குடுவை தொங்கி இழுக்கக் கூடாது. பனியனில் பின் குத்தி நிறுத்துங்கள்.

4. வெல்க்ரோவைக் கீழிருந்து மேலாக ஒட்டுங்கள். பெல்ட்டின் கீழ் விளிம்பு தையலைத் தாண்டிக் கீழே இருக்க வேண்டும். விளிம்பு தையல்மேலேயே உட்கார்ந்தால் நடக்க நடக்க உரசும்.

5. விரல்களைத் தட்டையாக உள்ளே விட்டுப் பாருங்கள். சிரமமில்லாமல் நுழைய வேண்டும். மூச்சை ஆழமாக இழுக்க முடிகிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம்தான் முக்கியமான வேலை. ஆபரேஷனுக்குப் பிறகு தொப்புளுக்குக் கீழே தோல் மரத்துப்போயிருக்கும். இந்த மரமரப்பு மாதக்கணக்கில்கூட இருக்கும். பெல்ட் அழுத்தினாலும் வலிக்காது. ஒருநாள் மத்தியானம் நன்றாகத் தூங்கி எழுந்தேன், எந்தத் தொந்தரவும் தெரியவில்லை. சாயங்காலம் கழற்றினால், பனியன் மடிந்திருந்த இடத்தில் சேமியா இழை போலச் சிவப்பாக ஒரு பள்ளம். விரலால் தொட்டேன், வேறு யாருடைய வயிற்றையோ தொடுவது போலிருந்தது. நல்ல வேளை, அரை மணியில் மறைந்தது. அன்றிலிருந்து காலையும் மாலையும் பெல்ட்டைத் திறந்து கண்ணால் பார்த்தோம். எனக்கு எட்டாத இடத்தை அம்மா பார்ப்பார். சிவப்பு மறையாவிட்டாலோ, கொப்புளம் வந்தாலோ, தோல் கருத்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். மரத்த தோலில் வெந்நீர்ப் பை வைக்கவே வேண்டாம், சுட்டாலும் தெரியாது.

குளிக்கக் கழற்றும்போது தலை சுற்றலாம். உட்கார்ந்து, மெதுவாகத் தளர்த்துங்கள். குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வையுங்கள், கதவைத் தாழிட வேண்டாம்.

பெல்ட் இரண்டு இருந்தால் நல்லது. புதுச்சேரிப் புழுக்கத்தில், அதுவும் கத்திரி வெயில் நாளில், ஒன்றை வைத்துக்கொண்டு சமாளிக்க முடியாது. வெல்க்ரோவை மூடிவிட்டு, சோப்புத் தண்ணீரில் கையால் கசக்கி, முறுக்காமல் நிழலில் உலர்த்துங்கள். ஈரப் பெல்ட்டைக் கட்டினால் வேர்க்குருதான். வேர்க்குரு பவுடரைத் தையல் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, ஒரு காலில் மட்டும் வீக்கம் அல்லது கெண்டைக்கால் வலி இருந்தால் பெல்ட்டைத் திருத்திக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரத்தம் உறைந்து குழாயை அடைத்திருக்கலாம். காய்ச்சல், சீழ், வயிறு திடீரென்று உப்பித் தண்ணீர்ப் பை போல ததும்புவது, இவற்றையும் அன்றே காட்டிவிடுங்கள்.

ஆறு வாரம் கட்டச் சொல்வது சாதாரணம், சிலருக்குக் கூடும் குறையும். எனக்கு ஆறாவது வாரம் முடிந்ததும், பகலில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் சாயங்காலமானால் வீக்கம் ஏறும். அதனால் கடற்கரைச் சாலையில் நடக்கப் போகும் நாட்களில் மட்டும், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, சுடிதாருக்குள் பெல்ட் கட்டிக்கொண்டுதான் போனேன்.