‘ஸ்கின் ஆஃப் மை டீத்’: மயிரிழையில் தப்பியதை ஆங்கிலத்தில் சொல்வது எப்படி?

தேர்ச்சிக்கு எவ்வளவு மதிப்பெண் வேண்டுமோ, சரியாக அவ்வளவே வந்திருக்கிறது. அல்லது கதவு மூடப்போகும் நொடியில் ரயிலுக்குள் ஏறியாயிற்று. இப்படித் தப்பியதைச் சொல்ல ஆங்கிலப் பேச்சில் ஓர் அருமையான தொடர் உண்டு: ‘பை தி ஸ்கின் ஆஃப் மை டீத்’.

நேர்ப்பொருள் பார்த்தால் ‘என் பல்லின் தோலளவில்’. பல்லுக்கு ஏது தோல்? அந்த இல்லாத தோலின் கனம்தான் ஆபத்துக்கும் எனக்கும் இடையே இருந்தது என்று எடுத்துக்கொண்டால் மறக்காது. விவிலியத்தின் யோபு நூலிலிருந்து (19:20) வந்த தொடர் இது; 1560இல் வெளியான ஜெனீவா ஆங்கில விவிலியத்திலேயே இருக்கிறது. அங்கே ‘வித்’ என்று வரும். இன்று ‘பை’ என்றே சொல்லுங்கள்.

படி 1: முதலில் வினை. எஸ்கேப், சர்வைவ், பாஸ், வின் போன்றவை பொருந்தும். ‘ஐ பாஸ்டு தி எக்ஸாம் பை தி ஸ்கின் ஆஃப் மை டீத்.’

படி 2: ஆளுக்கேற்ப ‘மை’ மட்டும் மாறும். அவன் என்றால் ‘ஹிஸ்’, அவள் என்றால் ‘ஹெர்’, அவர்கள் என்றால் ‘தேர்’. ‘டீத்’ மாறவே மாறாது. ஒருவரைப் பற்றிப் பேசினாலும் ‘டூத்’ ஆகாது.

படி 3: முடிவு நல்லபடியா என்று பாருங்கள். தமிழர்கள் அதிகம் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். நாம் மயிரிழையில் வென்றார் என்போம், மயிரிழையில் தோற்றார் என்றும் சொல்வோம். ஆங்கிலத் தொடர் தப்பியவருக்கும் வென்றவருக்கும்தான். கைக்கெட்டிய தூரத்தில் நழுவிப்போனதற்கு ‘பை எ விஸ்கர்’ இருக்கிறது: ‘ஷி மிஸ்டு தி ரெக்கார்டு பை எ விஸ்கர்.’ வெற்றிக்கும் அதைப் பயன்படுத்தலாம்.

இன்னொன்று. உங்களைப் பற்றி இதைச் சொன்னால் நிம்மதிப் பெருமூச்சு. அடுத்தவரிடம் ‘நீ அப்படித்தான் பாஸானாய்’ என்றால் சுருக்கென்று தைக்கும். நெருங்கிய நண்பரிடம் மட்டும் சொல்லுங்கள்.

படி 4: அலுவலகக் கடிதத்தில் வேண்டாம். அங்கே ‘நேரோலி எஸ்கேப்டு’ போதும். நடந்த சம்பவத்தையே பெயரிட்டுச் சொல்ல ‘தட் வாஸ் எ க்ளோஸ் கால்’ அல்லது ‘க்ளோஸ் ஷேவ்’.

இப்போது நீங்கள் முயலுங்கள்: ‘அவர்கள் தீயிலிருந்து மயிரிழையில் தப்பினார்கள்.’

விடை: ‘தே எஸ்கேப்டு தி ஃபயர் பை தி ஸ்கின் ஆஃப் தேர் டீத்.’