ஊனச் சான்று எங்கே, பென்ஷன் எங்கே: குமுளி–கம்பம் பக்கத்தாருக்கு

கேரளத்துக் குமுளி, வண்டிப்பெரியாறு தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) குடியிருந்துகொண்டு, ரேஷன் கார்டை மட்டும் தமிழ்நாட்டுப் பக்கம் தேனி மாவட்டத்துக் கம்பத்திலோ கூடலூரிலோ வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. மாற்றுத்திறனாளி உதவி கேட்டுப் போகும்போது இவர்கள்தான் அதிகம் அலைய வேண்டியிருக்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, எந்த மாநிலத்தில் வாங்கிய ஊனச் சான்றும் நாடு முழுக்கச் செல்லும். பென்ஷன் அப்படி இல்லை. குடியிருக்கும் மாநிலம்தான் அதைக் கொடுக்கும்.

முதலில் சான்றும் யூ.டி.ஐ.டி. அட்டையும் (நாடு முழுக்கச் செல்லும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை). மத்திய அரசின் ஸ்வாவலம்பன் இணையதளத்தில் பதிய வேண்டும். கேரளத்தில் அக்‌ஷயா மையம், தமிழ்நாட்டில் இ-சேவை மையம் செய்துதரும். முகவரிச் சான்றில் இருக்கும் மாவட்டத்து மருத்துவமனையில் கேட்கலாம். இல்லாவிட்டால் அந்தக் குறைபாட்டுக்குச் சிகிச்சை பெற்ற அரசு மருத்துவமனையிலும் கேட்க விதி இடம் தருகிறது. தேனி மருத்துவக் கல்லூரியில் வைத்தியம் பார்த்த குமுளிக்காரர் அங்கேயே கேட்கலாம். அதற்கு ஆதாரம் பழைய சிகிச்சைச் சீட்டுகள்தான், ஒன்றையும் தூக்கிப் போடாதீர்கள். ஆதாரில் இனிஷியல் முன்னால், ரேஷன் கார்டில் பின்னால் என்று இருந்தால் பதியும் முன்பே சரிசெய்துவிடுங்கள்.

அடுத்தது சதவீதம். பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம்தான் வாசல். நோய் எவ்வளவு பெரியது என்பதை மருத்துவப் போர்டு (சான்று தரும் மருத்துவர் குழு) அளப்பதில்லை. உறுப்பின் இயக்கம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதைத்தான் அளக்கிறது. ஒரு கண் முழுக்கப் போய், இன்னொரு கண் நன்றாக இருந்தால் 30 சதவீதம்தான். கண்ணாடி போட்டபிறகு தெரியும் பார்வைதான் கணக்கு, ஆகவே கண்ணாடியோடு போங்கள். செவித்திறன் குறைபாடு என்றால் இரண்டு காதிலும் 60 டெசிபல் இழப்பாவது இருக்க வேண்டும், ஒரு காது நன்றாகக் கேட்டால் கிடைக்காது. காதில் சீழ் வடிந்தால் முதலில் அதைக் குணமாக்கிவிட்டு ஆடியோகிராம் எடுங்கள். பக்கவாதம் வந்து ஆறு மாதம் ஆகாமல் போனால் பெரும்பாலும் திருப்பி அனுப்புவார்கள்.

இரண்டு குறைபாடு இருந்தால் வெறுமனே கூட்டமாட்டார்கள். ஒருவருக்குக் காலில் 30, கையில் 12 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 42, தேறிவிட்டோம் என்று தோன்றும். போர்டு போடும் கணக்கு வேறு: பெரிய எண்ணான 30-ஐ 90-இலிருந்து கழித்தால் 60, அதைச் சிறிய எண்ணான 12-ஆல் பெருக்கி 90-ஆல் வகுத்தால் 8, 30-உம் 8-உம் 38. வாசலுக்கு இரண்டு குறைவு. கையில் 15 இருந்திருந்தால் சரியாக 40. அதனால் சின்னக் குறைபாடுதானே என்று எதையும் சொல்லாமல் விடக்கூடாது. போர்டு முன்னால் கூச்சப்படாமல் எல்லாவற்றையும் காட்டுங்கள்.

தமிழ்நாட்டில் குடியிருப்பவருக்குப் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய், 2023 ஜனவரி முதல். விண்ணப்பம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு. கை கால் குறைபாட்டுக்கு 75 சதவீதம் வேண்டும். அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, தொழுநோய்ப் பாதிப்பு என்றால் 40 போதும். 60 சதவீதம் வாங்கியவர் இங்கே போய் ஏமாந்து திரும்புகிறார். அவர் கேட்க வேண்டியது வருவாய்த் துறை பென்ஷன், அதற்கு 40 போதும். ஆனால் வி.ஏ.ஓ. விசாரிப்பார். இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது.

கேரளத்தில் விண்ணப்பம் பஞ்சாயத்துக்கு. அங்கேயும் 40 சதவீதம்தான், குடும்ப ஆண்டு வருமானம் ஒரு லட்சத்துக்குள் இருக்க வேண்டும். 2025 நவம்பரிலிருந்து தொகை 2,000. அக்‌ஷயாவில் மஸ்டரிங் (உயிரோடு இருப்பதை உறுதிசெய்யும் பதிவு) செய்யத் தவறினால் பணம் நின்றுவிடும். நிறையப் பேருக்கு நின்றுபோவது இதனால்தான், தகுதி போனதால் அல்ல.

இரண்டு மாநிலத்திலும் வாங்க நினைக்காதீர்கள். ஆதாரில் தெரிந்துவிடும், வாங்கியதைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். வீடு மாறினால் பழைய பென்ஷனை நிறுத்தியதற்கான கடிதத்தை வாங்கிக்கொண்டு, புது இடத்தில் விண்ணப்பியுங்கள்.

சதவீதம் குறைத்துப் போட்டுவிட்டார்கள் என்று தோன்றினால் 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். முடிவு வந்த தேதியிலிருந்து நாள் ஓடத் தொடங்கும். மறுத்ததை வாய்வார்த்தையாகச் சொன்னால் விட்டுவிடாமல், காரணத்தோடு எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மேல்முறையீட்டில் முதலில் வைக்க வேண்டிய தாள் அதுதான்.