கணவாயில் படம் எடுக்கப் போகிறீர்களா? உச்சியில் நிற்காதீர்கள்

மலைத்தொடரில் தாழ்ந்து கிடக்கும் இடம்தான் கணவாய். அதனால்தான் சாலை அந்த வழியாகப் போகிறது. சாலை மட்டுமா? காற்றும், மேகமும், வலசைப் பறவைகளும், பள்ளத்தாக்கு விட்டுப் பள்ளத்தாக்கு மாறும் ஆடுகளும் அதே இடுக்கைத்தான் தேடி வருகின்றன. மற்ற இடங்களில் படத்தைத் தேடி நாம் அலைய வேண்டும். கணவாயில் ஓர் இடம் பார்த்து உட்கார்ந்தால் போதும். ஆனால் பெரும்பாலானவர்கள் உட்காருவதில்லை. வண்டியை நிறுத்தி, உயரம் எழுதிய பலகைக்குப் பக்கத்தில் ஒரு படம், நாலு திசைக்கும் நாலு படம், பத்து நிமிஷத்தில் கிளம்பிவிடுகிறார்கள். ஊருக்குப் போய்ப் பார்த்தால் பாதிப் படத்தில் வெறும் வானம், மீதிப் பாதியில் நிறுத்தியிருந்த வண்டிகள்.

உச்சியில் நின்று எடுத்தால் அப்படித்தான் வரும். அங்கே காலடி நிலம் தட்டையானது. இரண்டு பக்கச் சிகரங்களும் சட்டகத்துக்கு வெளியே போய்விடும். பள்ளத்தாக்கைப் பார்க்கலாம் என்றால் சரிவின் விளிம்பு மறைக்கும். இதற்கு இரண்டு வழி. ஒன்று, இரண்டு மூன்று கொண்டை ஊசி வளைவுகள் கீழே இறங்கித் திரும்பிப் பார்ப்பது. அப்போதுதான் இரு சிகரங்களும், நடுவில் உள்ள இடுக்கும், அதை நோக்கி ஏறும் சாலையும் ஒன்றாக விழும். இன்னொன்று, கணவாயின் தோளில், அதாவது பக்கத்துச் சரிவில், நடைபாதை இருந்தால் நூறு மீட்டராவது ஏறுவது. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாய் 2,757 மீட்டர் உயரம். அதன் ஒரு பக்கச் சாலையில் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள். அவை ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கிக் காட்சி தர வேண்டுமானால் சாலையை விட்டுக் கொஞ்சம் மேலே ஏறியே ஆக வேண்டும். வளைவுகளில் வண்டி வெளிச்சக் கோடுகள் வேண்டுமென்றால் சூரியன் மறைந்து வானம் கருநீலமாக இருக்கும் அந்தக் கொஞ்ச நேரம்தான் சரி: முக்காலி, ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, லென்ஸ் துளை எஃப்8, 20 முதல் 30 நொடி. ஒரே படத்தில் எல்லா வளைவிலும் கோடு விழாது. கேமராவை அசைக்காமல் அடுத்தடுத்துப் பல படங்கள் எடுத்துப் பின்னால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கிளம்புவதற்கு முன்னால் வரைபடத்தில் ஒன்றே ஒன்று பாருங்கள்: மலைத்தொடர் எந்தத் திசையில் ஓடுகிறது? வடக்கு தெற்காக ஓடினால் கணவாய் கிழக்கும் மேற்கும் பார்த்துத் திறந்திருக்கும். விடியலும் அந்தியும் ஒரே இடத்திலிருந்து கிடைக்கும், யோகம்தான். கிழக்கு மேற்காக ஓடினால் பக்கவாட்டு வெளிச்சம் நிறையக் கிடைக்கும். பாறையின் மடிப்புகள் நன்றாகத் தெரியும். ஆனால் வட அரைக்கோளத்தில் வடக்குச் சரிவு நிழலிலேயே கிடக்கும், பனியும் அங்கேதான் கடைசியாக உருகும். செயலிகள் சொல்லும் உதய நேரத்தை அப்படியே நம்ப வேண்டாம். குறுக்கே மலை நின்றால் பள்ளத்தாக்கில் வெயில் விழ ஒரு மணி நேரம்கூடத் தாமதமாகும். அதேசமயம் சிகர நுனிகள் உதயத்துக்கு முன்பே சிவக்கத் தொடங்கிவிடும். அந்தச் சிவப்பு சில நிமிஷங்களே இருக்கும் என்பதால், இருட்டிலேயே இடத்துக்குப் போய்விட வேண்டும். இடத்தை முதல் நாள் மாலை வெளிச்சம் இருக்கும்போதே பார்த்து வைப்பது நல்லது.

மூடுபனி வந்தால் திரும்பிவிடாதீர்கள்

கணவாயின் இரண்டு பக்கமும் ஒரே வானிலை இருக்காது. ஈரக்காற்று ஒரு பக்கச் சரிவில் ஏறும்போது குளிர்ந்து மேகமாகிறது. மறுபக்கம் இறங்கும்போது சூடேறிக் காய்ந்துவிடுகிறது. அதனால் உச்சியில் கைக்கெட்டும் தூரம்கூடத் தெரியவில்லை என்றால், மறுபக்கம் சில கிலோமீட்டர் இறங்கிப் பாருங்கள். பல சமயம் அங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மேகம் கணவாயைத் தாண்டி வழிந்து இறங்கிக் காணாமல் போகிற காட்சியும் அந்தப் பக்கத்திலிருந்துதான் தெரியும். அதை 1/500 நொடியில் எடுத்தால் வெறும் மேகம். 10 நொடி, 20 நொடி என்று நீட்டினால் அது ஓடுவது தெரியும். வெளிச்சம் அதிகமென்றால் லென்ஸுக்கு முன்னால், ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

காற்றில்லாத, தெளிவான இரவுக்கு மறுநாள் விடியலில் பள்ளத்தாக்கில் குளிர்காற்று தேங்கி, மேகம் கீழேயே படிந்து கிடக்கும். மேலே நிற்பவருக்கு அது கடல். வெயில் ஏற ஏற இந்தக் கடல் கலைந்துவிடும். அப்போது சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் தாழ்வாகவும், மூடுபனி முன்னால் கீழேயும் இருந்தால், பனியில் உங்கள் நிழலே பெரிதாக விழுந்து, தலையைச் சுற்றி வண்ண வளையம் தெரியலாம். பிராக்கன் நிழல் என்பார்கள். வானவில்லைத் தேடுவதுபோல வானத்தைப் பார்க்காமல், சூரியனுக்கு நேர் எதிரே கீழே பாருங்கள்.

பகல் வெளிச்சம் ஏறியபின் அகன்ற கோண லென்ஸை மூடி வைத்துவிடலாம் என்பது என் கருத்து. 70-200 மி.மீ. லென்ஸ்தான் கணவாயின் உண்மையான நிலக்காட்சி லென்ஸ். ஒன்றன்பின் ஒன்றாக மங்கிப் போகும் மலை அடுக்குகளை நெருக்கிக் கொண்டுவருவது அதுதான். அகன்ற கோணத்தில் பிரம்மாண்டமான சிகரம்கூட மேடுபோலச் சுருங்கிவிடும். வானத்தின் நீலத்தை அடர்த்தியாக்கும் போலரைசர் ஃபில்டரையும் பார்த்துப் பயன்படுத்துங்கள். உயரத்தில் வானம் ஏற்கெனவே அடர்நீலம். சூரியனுக்குச் செங்கோணத் திசையில் ஃபில்டரை முழுக்கத் திருப்பினால் வானம் கறுத்தே போகும், அகன்ற கோணத்தில் ஒரு பக்கம் மட்டும் திட்டாகக் கறுக்கும்.

பனி இருந்தால், வெளிச்சத்தை அளக்கும் கேமரா மீட்டர் ஏமாறும். அது எதையும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். வெண்பனி அழுக்காக வரும். எக்ஸ்போஷரை ஒன்றிலிருந்து ஒன்றே முக்கால் ஸ்டாப் வரை கூட்டுங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு). கேமரா காட்டும் வெளிச்ச வரைபடமான ஹிஸ்டோகிராம் வலது ஓரத்தில் முட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கேமரா பதிந்ததை மாற்றாமல் வைக்கும் ரா கோப்பாக எடுத்தால் நிழலில் கிடக்கும் பனியின் நீலத்தைப் பிறகு சரிசெய்யலாம். முழுக்க எடுத்துவிடாதீர்கள், நிழலில் பனி நீலமாகத்தான் இருக்கும்.

பறவையும் விலங்கும் எப்போது வரும்

விடியலில் மேய்பவை கீழே, சாலையோரத்தில்கூட இருக்கும். சாலையில் உப்பு கிடப்பது ஒரு காரணம். பனி உருகத் தூவிய உப்பு, வண்டிகளிலிருந்து ஒழுகிய குளிர்விப்பு திரவம், மனிதர்களின் சிறுநீர் என்று எல்லாமே காட்டாடுகளை இழுக்கும். அமெரிக்காவின் கிளேசியர் தேசியப் பூங்காவில், 2,026 மீட்டர் உயரத்தில் உள்ள லோகன் கணவாயில் வெள்ளை மலையாடுகள் மனிதர்களுக்கு அவ்வளவு பக்கத்தில் வருவதற்கு இந்த உப்பாசையும் ஒரு காரணம். (பாதையோரம் ஒதுங்காதீர்கள் என்று சொல்வது இதற்காகவும்தான்.) அந்தப் பூங்காவின் விதி தெளிவானது: கரடி, ஓநாய் என்றால் 91 மீட்டர், மற்ற பெரிய விலங்குகள் என்றால் 23 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். விதி எழுதிவைக்காத இடத்திலும் நான் இதையே குறைந்தபட்சமாக வைத்துக்கொள்கிறேன். ஆடு தானாக உங்களை நோக்கி வந்தால் பின்வாங்க வேண்டியது நீங்கள்தான்.

வெயில் வளைக்கு எட்டியதும் மர்மோட்கள் வெளியே வரும். கொழுத்த அணில் குடும்பத்து விலங்கு. குளிர்காலத்தில் பல மாதம் தூங்கிவிடும் என்பதால் கோடையில் தின்பதிலேயே குறியாக இருக்கும். ஏதாவது ஆபத்தென்று தெரிந்தால் கீச்சென்று விசிலடித்து எச்சரிக்கும். அந்த விசில் உங்களைப் பார்த்து அடித்ததென்றால் நீங்கள் ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டீர்கள். மேலும் நெருங்காமல் அங்கேயே உட்காருங்கள், முடிந்தால் குப்புறப் படுங்கள். பதினைந்து இருபது நிமிஷத்தில் அது உங்களை மறந்து மேயத் தொடங்கும். லென்ஸ் அதன் கண் மட்டத்தில் இருந்தால் பின்னால் உள்ள மலை தானாகவே மங்கலாகப் போய்விடும். உணவு காட்டி அழைக்க வேண்டாம். அப்படிப் பழகிய விலங்கின் படத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும், அது கேமராவை அல்ல, கையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

பாறைக் குவியல்களில் பிகா இருக்கும். முயலுக்கு உறவு, உள்ளங்கையில் அடங்கும் அளவு. வட அமெரிக்கப் பிகா குளிர்காலத்திலும் தூங்காது, அதனால் கோடை முடியும்போது வாய் நிறையப் புல்லும் பூவும் கவ்விக்கொண்டு தன் சேமிப்புக் குவியலுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். ஒரே பாறை வழியாகத்தான் திரும்பத் திரும்ப ஓடும். அதைத் துரத்தாமல் அந்தப் பாறையில் ஃபோகஸ் வைத்துக் காத்திருங்கள். வெப்பம் தாங்காத விலங்கு அது, வெயில் ஏறினால் பாறைக்குள் போய்விடும்.

நடுக்காலைக்குப் பிறகு வானத்தைப் பாருங்கள். சரிவுகள் சூடேறி வெப்பக்காற்று எழும்போதுதான் கழுகுகளும் வல்லூறுகளும் இறக்கையை விரிக்கும். காற்று மலையில் மோதி மேலெழும் பக்கத்தில், தொடரின் விளிம்பையொட்டி அவை மிதந்து வரும். வலசைக் காலத்தில் கணவாய்கள் புனல் போல. பரந்து வரும் பறவைகளைக் குவித்து அனுப்பும். சுவிட்சர்லாந்து - பிரான்ஸ் எல்லையில் உள்ள பிரெதோலே கணவாயில் பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்குக் காலில் வளையமிட்டு ஆராய்வது இதனால்தான். ஆனால் எல்லாப் பறவையும் வெயிலுக்காகக் காத்திருப்பதில்லை. இமயத்தைத் தாண்டும் வரித்தலை வாத்துகளைப் பின்தொடர்ந்தபோது, அவை பெரும்பாலும் இரவிலும் அதிகாலையிலும் பறப்பது தெரியவந்தது. காற்று அப்போதுதான் குளிர்ந்து அடர்த்தியாக இருக்கும்.

கணவாயின் தோளில் உட்கார்ந்தால் கழுகு உங்கள் கண் மட்டத்தில், சில நேரம் காலுக்குக் கீழேயே போகும். சமவெளியில் கிடைக்காத வாய்ப்பு இது. வயிற்றுப் பக்கம் மட்டும் தெரியும் கறுப்பு உருவமாக இல்லாமல், முதுகின் இறகு விரிப்போடு, எதிர்ச் சரிவைப் பின்னணியாக வைத்து எடுக்கலாம். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். 1/2000 நொடி, தொடர் ஃபோகஸ், எஃப்6.3 அல்லது 8. எக்ஸ்போஷரை மட்டும் தயவுசெய்து மேனுவலில் வையுங்கள். ஒரே பறவை ஒரு நொடி வானத்தின் முன்னால், அடுத்த நொடி பனியின் முன்னால், அப்புறம் கரும்பாறையின் முன்னால் பறக்கும். அதன்மேல் விழும் வெயில் மாறுவதில்லை, மாறுவது பின்னணிதான். ஆட்டோ ஒவ்வொரு பின்னணிக்கும் குழம்பும். தாடிக் கழுகு வாழும் மலையென்றால் அது ஒரே பாறைத் தளத்தில் எலும்பைப் போட்டு உடைக்கிறதா என்று பாருங்கள், பழகிய தளத்துக்குத் திரும்பத் திரும்ப வரும். கூடு தெரிந்தால் மட்டும் தள்ளிப் போய்விடுங்கள்.

நெருக்கமான முகப் படங்களுக்காக இவ்வளவு தூரம் ஏற வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். ஓரத்தில் சிறியதாக ஓர் ஆடு, மீதியெல்லாம் மலை: கணவாயில் மட்டும் எடுக்க முடிகிற படம் அது.

இன்னொரு விஷயம். அசையாமல் இருக்கும் விலங்கு பயப்படவில்லை என்று அர்த்தமில்லை. குளிர்காலத்தில் வெள்ளை உடை பூண்ட டார்மிகன் என்ற மலைக்கோழி தன் நிறத்தை நம்பி உறைந்து நிற்கும். அதைக் கிளப்பிவிட்டால் பனிக்காலத்தில் அது சேர்த்து வைத்த சக்தி வீணாகும்.

கருவியும் உடம்பும்

தூரத்தை இழுத்துக் காட்டும் டெலி லென்ஸ் எவ்வளவு விலையானாலும் சூடான காற்றை ஊடுருவ முடியாது. வெயில் ஏறிய தார்ச்சாலை, பாறைகளுக்கு மேலாகத் தூரத்து ஆட்டை எடுத்தால் படம் நெளியும். ஃபோகஸ் பிழை என்று லென்ஸைத் திட்டுவோம். அதற்கு விடிகாலை மட்டுமே மருந்து. வண்டிக்குள்ளிருந்து எடுப்பது விலங்குகளுக்கு இடைஞ்சல் குறைந்த வழிதான், ஆனால் ஹீட்டர் ஓடினால் ஜன்னல் வழியாக வெளியேறும் சூடான காற்றும் இதே வேலையைச் செய்யும். ஹீட்டரையும் எஞ்சினையும் அணைத்து, ஜன்னல் விளிம்பில் ஒரு பயறு மூட்டையோ மடித்த ஜாக்கெட்டோ வைத்து லென்ஸைச் சாய்த்துக்கொள்ளுங்கள். வளைவில் மட்டும் நிறுத்தாதீர்கள். கல் உருளும், பனி சரியும் என்று பலகை வைத்த இடத்திலும் கூடாது.

காற்று கணவாயில் நெருக்கிப் பிடித்து வீசும். முக்காலியின் நடுத்தண்டை உயர்த்தாமல், கால்களைத் தாழ்த்தி வையுங்கள். எடைக்குப் பையைத் தொங்கவிட்டால் அது தரையைத் தொட வேண்டும், இல்லாவிட்டால் ஊசலாடி முக்காலியையும் ஆட்டும். ஒவ்வொரு கிலோமீட்டர் உயரத்துக்கும் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும்; உபரி பேட்டரியை உடம்போடு ஒட்டிய உள்பையில் வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள். குளிர்ந்து தீர்ந்ததுபோல் காட்டியது சூடானதும் இன்னும் கொஞ்ச நேரம் உழைக்கும்.

2,500 மீட்டருக்கு மேல் உயர நோய் யாருக்கும் வரலாம். 3,000 மீட்டரைத் தாண்டினால், தூங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல் இருப்பது பாதுகாப்பு. நேபாளத்தின் தொரோங் லா 5,416 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிக்குச் சற்றே கூடுதல். நாலு அடி நடந்ததும் கேமராவைத் தூக்கினால் மூச்சு வாங்கிக் கை ஆடும். மூச்சு அடங்கும்வரை நிற்பது ஷட்டர் வேகத்தைவிட உதவும். தலைவலி கூடிக்கொண்டே போனால் வெளிச்சம் எவ்வளவு அருமையாக இருந்தாலும் இறங்கிவிடுங்கள். மதியத்தில் இடிமேகம் திரண்டாலும் அப்படித்தான், தொடரின் விளிம்பில் உலோக முக்காலியோடு நிற்கக்கூடாது.

பல கணவாய்கள் நாட்டு எல்லையில் இருக்கின்றன. ராணுவச் சாவடி, பாலம், பதுங்குகுழி படத்தில் விழாமல் பாருங்கள், சந்தேகம் வந்தால் அங்கிருக்கும் காவலரிடமே கேட்டுவிடுங்கள். அமெரிக்கத் தேசியப் பூங்காக்கள் 2014இலேயே டிரோனைத் தடை செய்துவிட்டன. தடை இல்லாத இடத்திலும் கழுகு பறக்கும் வானத்தில் அதை ஏவாமல் இருப்பதே நல்லது. அரிய விலங்கின் படத்தைப் பகிரும்போது இருப்பிடத் தகவலை நீக்கிவிடுங்கள்.

இறங்கி வந்ததும் குளிர்ந்த கேமராவை அப்படியே சூடான அறைக்குள் எடுத்துப் போனால் லென்ஸுக்குள்ளேயும் ஈரம் படியும். வெளியிலேயே காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, உள்ளே கொண்டுபோய் இரண்டு மணி நேரம் திறக்காமல் வையுங்கள். மூடுவதற்கு முன்னால் மெமரி கார்டை வெளியே எடுத்துக்கொள்ள மறக்காதீர்கள், இல்லாவிட்டால் படம் பார்க்கும் அவசரத்தில் பையைப் பாதியிலேயே திறந்துவிடுவீர்கள்.