அம்பு விடுகிற வில் பாடக் கூடாது: நாண் சத்தம் குறைக்கும் செய்முறை

பாளையங்கோட்டைக்கு வெளியே ஒரு தென்னந்தோப்பில்தான் அம்பு விட்டுப் பழகினேன். புதிதாக வாங்கிய மர ரீகர்வ் வில் (முனைகள் எதிர்ப்பக்கம் வளைந்தது), நீளம் 62 அங்குலம், இழுக்கிற பலம் 40 பவுண்டு. முதல் வாரத்திலேயே, தண்ணீர் பாய்ச்ச வந்த தோப்புக்கார அண்ணாச்சி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்று கேட்டார்: “என்ன தம்பி, அம்பு விடுதியா, வில்லு படிக்கியா?”

நியாயமான கேள்விதான். எங்கள் பக்கம் வில் என்றாலே அம்மன் கொடையில் படிக்கிற வில்லுப்பாட்டுதான் ஞாபகத்துக்கு வரும். அந்த வில் சத்தம் போடுவதற்கென்றே செய்தது. வீசுகோலால் நாணில் ஒரு தட்டுத் தட்டினால் வில்லில் தொங்குகிற மணியெல்லாம் குலுங்கும், கூடவே குடமும் உடுக்கையும். அடித்த அடி அத்தனையும் அங்கேயே சத்தமாக வேண்டும். அம்பு விடுகிற வில் இதற்கு நேர் எதிர். நாம் இழுத்த பலம் அம்போடு கிளம்பிப் போய்விட வேண்டும். போகாமல் வில்லில் மிஞ்சுவதுதான் சத்தமாகவும், பிடித்த கையில் அதிர்வாகவும் வருகிறது.

அதனால் சத்தத்தை அமுக்க நாணில் கம்பளிக் குஞ்சம் கட்டுவது கடைசி வேலை. எல்லோரும் அதைத்தான் முதலில் செய்கிறோம், நானும் செய்தேன். பலம் ஏன் மிஞ்சுகிறது என்று பார்க்காமல் குஞ்சம் கட்டினால் சத்தம் அமுங்கும், அதிர்வு கையிலேயே இருக்கும்.

வெளிநாட்டு வீடியோக்களில் மான் மிரளாமல் இருக்க இதைச் செய்யச் சொல்வார்கள். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிற நம் நாட்டில் அந்தப் பேச்சே வேண்டாம். மணிக்கட்டும் முழங்கையும் வலிக்காமல் இருக்க, தவறு எங்கே என்று காது கண்டுபிடிக்க, பக்கத்து வீட்டில் மதியம் தூங்குகிறவர்கள் சண்டைக்கு வராமல் இருக்க. நமக்கு இது போதும்.

1. முதலில் காது கொடுங்கள்

போனை மூன்றடி தள்ளி ஒரு ஸ்டூலில் வைத்து, மூன்று அம்பு விட்டுச் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அதே இடத்தில், அதே தூரத்தில் வைத்து மறுபடி பதியுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். இரண்டு மூன்றைச் சேர்த்துச் செய்தால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும்.

‘ட்ர்ர்’ என்று உதறினால் எதுவோ லூசாக இருக்கிறது. ‘டப்’ என்று அறைந்தால் நாண் வில்லின் வளைந்த முனைகளில் அடிக்கிறது. ‘ஙொய்ய்’ என்று இழுத்தால் நாணே பாடுகிறது. மூன்றும் கலந்து வந்தால் பயப்பட வேண்டாம், என் வில்லும் அப்படித்தான் தொடங்கியது.

ஒன்று மட்டும் எப்போதும் கூடாது: சத்தம் கேட்கிறேன் என்று அம்பு வைக்காமல் நாணை இழுத்து விடுவது. பலம் முழுவதும் வில்லுக்கே திரும்பி வரும், வில் உடைந்துபோகலாம். நண்பர்கள் கையில் கொடுக்கும்போது இதைச் சொல்லிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

2. லூசானதை இறுக்குங்கள்

கழற்றி மாட்டுகிற வில்லானால், வில்லின் கைகளை (மேலும் கீழும் வளைகிற பகுதிகளை) நடுவே கைப்பிடி உள்ள ரைசரோடு சேர்க்கிற போல்ட்டுகளை இறுக்கிப் பாருங்கள். அம்பு உட்காருகிற ரெஸ்ட்டின் ஓரம் பெயர்ந்திருக்கிறதா, வில்லில் மாட்டிய அம்புக்கூடு ஆடுகிறதா என்றும் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

3. அம்பை எடை போடுங்கள்

அம்பு ரொம்ப லேசாக இருந்தால் வில்லின் பலத்தை அதனால் வாங்கிக்கொள்ள முடியாது. வெறும் கையை வீசித் தோள்பட்டை சுளுக்கிக்கொள்கிற கதைதான்.

அம்பு எடையை கிரெய்ன் கணக்கில் சொல்வார்கள். ஒரு கிராம் என்பது 15.43 கிரெய்ன். அம்பின் கிரெய்னை வில்லின் பவுண்டால் வகுத்தால் வருகிற எண் 8க்கும் 10க்கும் நடுவே இருப்பது மர வில்லுக்கு நல்லது. வில்லில் எழுதியிருக்கிற பவுண்டு 28 அங்குலம் இழுத்தால் கிடைப்பது. நீங்கள் குறைவாக இழுத்தால் பவுண்டும் குறையும்.

தராசுக்கு எங்கே போவது? பாக்கெட்டில் வைக்கிற டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கலாம். நான் தெரிந்த நகைக்கடையில் கொடுத்து எடை போட்டேன். மோதிரத்துக்கு அடுத்து என் அம்பு. 17 கிராம். அதாவது 262 கிரெய்ன், 40ஆல் வகுத்தால் ஆறரைக்குக் கொஞ்சம் மேலே. அம்பை விற்றவர் “நல்ல வேகமாப் போகும் சார்” என்றது பொய்யில்லை, பாதியைச் சொல்லாமல் விட்டுவிட்டார். அம்பின் 100 கிரெய்ன் முனையைக் கழற்றி 175 கிரெய்ன் முனை மாட்டினேன். மொத்தம் 337, கணக்கு 8.4க்கு வந்தது. பாதிச் சத்தம் அன்றைக்கே போய்விட்டது.

முனை கனத்தால் அம்பு கிளம்பும்போது கூடுதலாக வளையும். பக்கவாட்டில் விலகிப் போகத் தொடங்கினால், கொஞ்சம் விறைப்பான தண்டு கொண்ட அம்புக்கு மாற வேண்டியிருக்கும்.

4. பிரேஸ் ஹைட்: இங்கேதான் பொறுமை வேண்டும்

நாண் பூட்டிய வில்லில், கைப்பிடியின் குழிந்த இடத்திலிருந்து நாண் வரைக்கும் உள்ள தூரம்தான் பிரேஸ் ஹைட். 62 அங்குல ரீகர்வுக்குப் பெரும்பாலும் ஏழரை முதல் எட்டேகால் அங்குலம் வரை இருக்கும். உங்கள் வில்லுக்கு உரியதை அதனோடு வந்த தாளில் பாருங்கள். அந்த எல்லையைத் தாண்டாதீர்கள்.

இது குறைவாக இருந்தால் அம்பு போன பிறகும் நாண் முனைகளில் படபடவென்று அடிக்கும், முன்கையிலும் சுளீரென்று படும். அதிகமானால் சத்தம் ஓர் அளவு வரை அடங்கும், ஆனால் அம்பைத் தள்ளுகிற தூரம் குறைந்து வேகமும் கொஞ்சம் குறையும். இரண்டுக்கும் நடுவே ஓரிடத்தில் ஒவ்வொரு வில்லும் தானாக அமைதியாகும். அதை அளந்து கண்டுபிடிக்க முடியாது, கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கீழ் எல்லையில் தொடங்குங்கள். நாண் பூட்டும் கயிறை வைத்து வில்லைத் தளர்த்தி, ஒரு முனையின் வளையத்தை மட்டும் கழற்றுங்கள். நாண் ஏற்கெனவே எந்தப் பக்கம் முறுக்கியிருக்கிறதோ அதே பக்கம் மூன்று நான்கு முறுக்குக் கொடுங்கள். நாண் சுருங்கும், மறுபடி பூட்டினால் பிரேஸ் ஹைட் ஏறியிருக்கும். அளந்து எழுதிக்கொண்டு மூன்று அம்பு விடுங்கள், பதியுங்கள். திரும்பவும் முறுக்கு, திரும்பவும் மூன்று அம்பு. ஒரு தடவைக்கு அரைக்கால் அங்குலம், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, ஏறினால் போதும். எதிர்ப்பக்கம் முறுக்கைப் பிரித்தால் இறங்கும்.

என் வில்லில் ஏழரையில் ‘டடங்’, ஏழே முக்காலில் ‘டொங்’, ஏழே முக்காலே அரைக்காலில் ‘தப்’ என்று மெத்தையில் கை தட்டியது மாதிரி. எட்டுக்கு ஏற்றினேன், திரும்பவும் கொஞ்சம் கூர்மையாகிவிட்டது. அரைக்கால் அங்குலத்தில் இவ்வளவா என்று இருந்தது. அந்த அளவை வில் உறையின் உள்பக்கம் மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறேன்.

எவ்வளவு முறுக்கினாலும் ஏறவில்லை, நாணில் முடிச்சு முடிச்சாகச் சுருள் விழுகிறது என்றால் அந்த நாண் வில்லுக்கு நீளம். வேறு நாண் வாங்குங்கள்.

இன்னொன்று. டேக்ரான் (பாலியஸ்டர் இழை) நாண் புதிதில் நீளும். முதல் ஐம்பது அறுபது அம்புக்குப் பிறகுதான் நிலைக்கு வரும். அதனால் புது நாணில் இந்த வேலையைச் செய்தால் ஒரு வாரத்தில் திரும்பவும் அளக்க வேண்டும். நம் ஊர் சித்திரை வெயிலில் கதவைப் பூட்டிய காருக்குள் மட்டும் வில்லை விட்டுவிடாதீர்கள். நாண் தளர்வது இருக்கட்டும், ஒட்டிய மர அடுக்குகளே விட்டுப்போகும்.

பிரேஸ் ஹைட் மாறினால் அம்பு கோக்கும் புள்ளியும் நகர்ந்திருக்கும். அதையும் சரிபார்த்துவிடுங்கள்.

5. அம்பின் நாக்

அம்பின் வால் நுனியில் நாணைக் கவ்வுகிற பிளவுதான் நாக். அது இறுக்கமாக இருந்தால் அம்பு கிளம்பும்போது நாணையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகும். அம்பைக் கோத்து வில்லைத் தரை பார்த்துப் பிடியுங்கள். அம்பு தொங்க வேண்டும், நாணை விரலால் ஒரு சுண்டு சுண்டினால் விழ வேண்டும். விழவில்லையென்றால் நாணில் அந்த இடத்தில் சுற்றிய நூலை மெலிந்த நூலால் மாற்றிச் சுற்றுங்கள்.

6. முனைகளுக்கு மெத்தை

ரீகர்வ் வில்லில் நாண் வளைந்த முனைகளின் மேல் படுத்திருக்கும். அது வில்லின் கையை விட்டு விலகுகிற இடத்தில் பென்சிலால் குறியிட்டு, அங்கே இரண்டு மூன்று அங்குல நீளத்துக்கு வெல்க்ரோவின் மிருதுவான பக்கத்தை ஒட்டினால் ‘டப்’ குறையும். சொரசொரப்பான பக்கத்தை ஒட்டிவிடாதீர்கள், நாணைப் பிய்த்துவிடும். நீள வில் வைத்திருப்பவர்களுக்கு இது தேவையில்லை.

7. இப்போது குஞ்சம்

நம் பக்கத்து வேம்பூர் ஆடும் கீழக்கரிசல் ஆடும் முடி ஆடுகள், கம்பளி கிடைக்காது. பேன்சி ஸ்டோரில் ஸ்வெட்டர் பின்ன விற்கிற உல்லன் நூல் ஒரு உருண்டை வாங்குங்கள். ரப்பரில் செய்த மீசை மாதிரி ஒன்றும் விற்கிறார்கள், கனம் அதிகம், வெயிலில் வெடித்துப்போகும். எனக்கு உல்லன்தான்.

இரண்டங்குல அகல அட்டையில் நூலைப் பதினைந்து சுற்றுச் சுற்றுங்கள். உருவி எடுத்து, தளர்த்திய வில்லின் நாண் இழைகளை மொட்டை ஊசியால் சரிபாதியாகப் பிரித்து அந்த இடைவெளியில் நூல்கட்டை நுழையுங்கள். நடுவில் இருக்கும்படி வைத்து, குஞ்சத்துக்கு இரு பக்கமும் நாணோடு சேர்த்து மெழுகு நூலால் கட்டுங்கள். இரண்டு ஓர மடிப்புகளையும் கத்தரியால் வெட்டிவிட்டு வில்லைப் பூட்டினால் முறுக்கிலேயே குஞ்சம் உருண்டையாக விரியும், சின்னப் பிள்ளைகள் சடைக்குஞ்சம் மாதிரி.

எந்த இடத்தில்? நாண் ஒரே அலையாக ஆடுவதில்லை. பாதி பாதியாகவும், மூன்றில் ஒன்றாகவும், கால் காலாகவும் ஒரே நேரத்தில் ஆடும். ஓர் ஆட்டத்தில் அசையாத புள்ளியில் குஞ்சத்தை வைத்தால் அந்த ஆட்டத்தை அது தொடவே தொடாது. ஆகவே ஒரு முனையிலிருந்து நான்கில் ஒரு பங்கிலும், மறு முனையிலிருந்து மூன்றில் ஒரு பங்கிலும் வையுங்கள். ஒன்று விட்ட ஆட்டத்தை மற்றது பிடித்துக்கொள்ளும். 58 அங்குல நாணுக்கு ஒரு பக்கம் பதினாலரை, மறு பக்கம் பத்தொன்பது அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே.

நான் முதலில் கட்டியது எலுமிச்சம்பழம் அளவு, அதுவும் நடுவை ஒட்டி. சத்தமே இல்லை, அம்பும் போய்ச் சேரவில்லை. நாணின் நடுப்பகுதிதான் அதிக வேகமாக நகர்கிறது, அங்கே ஏற்றுகிற ஒவ்வொரு கிராமும் அம்பின் வேகத்தைத் தின்னும். நெல்லிக்காய் அளவு போதும். பெரிதாகத் தெரிந்தால் கத்தரியால் ஒட்டக் கத்தரித்து, மூன்று அம்பு விட்டுப் பார்த்து, திரும்பவும் கத்தரியுங்கள்.

ஐப்பசி மழையில் குஞ்சம் நனைந்தால் கனத்துவிடும், அம்பு தாழ விழும். விரலால் பிழிந்து, நாணைத் தனியே கழற்றி நிழலில் தொங்கவிடுங்கள். காய்ந்ததும் மெழுகு தேய்த்துப் பூட்டி, பிரேஸ் ஹைட்டை ஒரு தடவை அளந்துகொள்ளுங்கள்.