பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரில் வீடியோ எடிட்டிங்: எதற்கு முதலில் செலவு செய்வது

ஆபீஸ்களில் கழித்துப் போடும் டெல் ஆப்டிபிளெக்ஸ், ஹெச்பி எலைட்டெஸ்க் வகை சிபியுக்கள் சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் வரிசையாக அடுக்கியிருக்கும். அதில் ஒன்றை வாங்கியதும் பலர் முதலில் தேடுவது கிராபிக்ஸ் கார்டு. அது கடைசியில் வர வேண்டிய செலவு.

வாங்கும் முன் பிராசஸர் எண்ணைப் பாருங்கள். "ஐ7 சார், எல்லாம் ஓடும்" என்பார் கடைக்காரர். எத்தனையாவது தலைமுறை என்பதுதான் கேள்வி. ஐ5-3470 என்றால் மூன்றாவது, ஐ7-4770 என்றால் நான்காவது, ஐ5-6500 என்றால் ஆறாவது. இன்றைய போன்கள் பல ஹெச்.265 என்ற வீடியோ சுருக்கும் முறையில் பதிவு செய்கின்றன. அதைப் பிரித்துக் காட்டும் வன்பொருள் வசதி இன்டெல்லில் ஆறாம் தலைமுறையில்தான் வந்தது. நிற நுணுக்கம் கூடிய 10 பிட் ஹெச்.265க்கு ஏழாம் தலைமுறை வேண்டும். அதற்கு முந்தைய மெஷினில் மொத்தச் சுமையும் பிராசஸர் தலையில் விழும். விலையில் பெரிய வித்தியாசம் இல்லையென்றால் ஆறோ ஏழோ எடுப்பது நல்லது. கையில் இருப்பது மூன்றோ நான்கோ என்றாலும் 1080பி வேலைக்குத் தாராளமாகப் போதும். வீடியோவை அதற்கு ஏற்ற மாதிரி கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

எடிட்டரில் கிளிப்புகளை அடுக்கும் டைம்லைன் திக்கினால் உடனே பார்ட்ஸ் வாங்க ஓடாதீர்கள். வீடியோவை ஓடவிட்டு டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். சிபியு (இங்கே பிராசஸர்) 100 சதவீதத்தில் நின்றால் பிரச்சினை வீடியோவின் வகையில். மெமரி 90ஐத் தாண்டினால் ரேம். டிஸ்க் 100இல் ஒட்டிக்கொண்டால் ஹார்ட் டிஸ்க். போனில் எடுத்த 50 மெகாபிட் வீடியோ ஒரு நொடிக்குக் கேட்பது 6 எம்பி சொச்சம்தான். அதைப் பழைய ஹார்ட் டிஸ்க்கே கொடுத்துவிடும். ஆகவே எஸ்எஸ்டி போட்டால் விண்டோஸும் சாப்ட்வேரும் சட்டென்று திறக்கும், ஆனால் சிபியுவால் வரும் திக்கல் போகாது. இதை அறியாமல் எஸ்எஸ்டி வாங்கி ஏமாந்தவர்கள் நிறைய.

இருந்தாலும் எஸ்எஸ்டி அவசியம். சிஸ்டம், சாப்ட்வேர், புராஜெக்ட், கேஷ் எனும் தற்காலிகக் கோப்புகள் எல்லாம் அதில் இருக்கட்டும். மூல வீடியோக்கள் ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கலாம். ஆப்டிபிளெக்ஸ் 7010 போன்ற க்யூ77 சிப்செட் மதர்போர்டில், டிஸ்க் மாட்டும் சாட்டா போர்ட்களில் 6 ஜிகாபிட் வேகம் உள்ளவை இரண்டுதான். மற்றவை 3 ஜிகாபிட். எஸ்எஸ்டியை வேகமான போர்ட்டில் மாட்டுங்கள்.

ரேம் 16 ஜிபி, இரண்டு 8 ஜிபி ஸ்டிக்காக, ஜோடி ஸ்லாட்டில். மூன்றாம், நான்காம் தலைமுறை டெஸ்க்டாப்கள் ஒரு ஸ்லாட்டில் 8 ஜிபிக்கு மேல் ஏற்காது. மலிவாகக் கிடைக்கிறதே என்று 16 ஜிபி சர்வர் ரேம் வாங்கினால் மெஷின் ஆனே ஆகாது. ஸ்டிக்கரில் 12800 என்ற எண்ணை ஒட்டி ஆங்கில எழுத்து ஒன்று இருக்கும்: 'யு' என்றால் டெஸ்க்டாப், 'ஆர்' என்றால் சர்வர், 'எஸ்' என்றால் லேப்டாப்.

இனி காசில்லாத வேலை. பலன் அதிகம் இதில்தான். ஐபோனில் கேமரா செட்டிங்ஸில் ஃபார்மட்ஸ் போய் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' வையுங்கள். ஆண்ட்ராய்டில் 'ஹை எஃபிஷியன்சி' என்பதை அணையுங்கள். வீடியோ ஹெச்.264 என்ற பழைய முறையில் வரும். ஏற்கெனவே எடுத்ததை ஹேண்ட்பிரேக் என்ற இலவச சாப்ட்வேரில் மாற்றலாம்: ஹெச்.264, தரம் ஆர்எஃப் 18, ஃபிரேம் ரேட் 30, அதன் கீழே 'கான்ஸ்டன்ட்'. இந்தக் கடைசி டிக்கை விடாதீர்கள். போன்கள் ஃபிரேம் எண்ணிக்கையைக் கூட்டிக் குறைத்துப் பதிவு செய்கின்றன; அதை அப்படியே எடிட்டரில் போட்டால் நீளமான பேட்டியில் பத்தாவது நிமிடத்துக்குள் உதடும் குரலும் பிரிந்துபோகலாம்.

அடுத்தது பிராக்ஸி, அதாவது எடிட் செய்யும்போது மட்டும் பயன்படும் சிறு நகல். ஹெச்.264இல் முழுப் படம் எப்போதாவதுதான் இருக்கும், இடையில் இருப்பதெல்லாம் வித்தியாசங்களே. நீங்கள் டைம்லைனில் முன்னும் பின்னும் இழுக்கும்போது ஒவ்வொரு முறையும் முந்தைய முழுப் படத்திலிருந்து கணக்குப் போட்டு வர வேண்டும்; மூச்சு வாங்குவது அங்கேதான். கேடென்லைவ் என்ற இலவச எடிட்டரில் புராஜெக்ட் செட்டிங்ஸ் போய் பிராக்ஸி பகுதியை இயக்கி, 1000 பிக்சலுக்கு மேற்பட்ட வீடியோக்களுக்குச் சிறு நகல் எடுக்கச் சொல்லுங்கள். முன்பே சேர்த்த கிளிப் என்றால் அதன்மேல் ரைட் கிளிக் செய்து 'பிராக்ஸி கிளிப்' டிக் செய்யலாம். நகல் தயாராகச் சிறிது நேரம் பிடிக்கும். டீ குடித்துவிட்டு வரலாம். ரெண்டர் செய்யும்போது, அதாவது முடிந்த வீடியோவை வெளியே எடுக்கும்போது, பிராக்ஸியைப் பயன்படுத்தும் டிக் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் முடிந்த வீடியோ மங்கலாக வரும்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான். ஆகவே லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தில் கேடென்லைவோ ஷாட்கட் எடிட்டரோ நல்ல வழி. டாவின்சி ரிசால்வ் எடிட்டரின் இலவசப் பதிப்பை லினக்ஸில் போட நினைத்தால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: அது ஹெச்.264ஐயும் ஏஏசி ஒலியையும் திறக்காது.

ரெண்டர் பாதியில் மெதுவானால் சூட்டைச் சந்தேகியுங்கள். மூடியைக் கழற்றினால் ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவே தூசி கம்பளி மாதிரி அடைத்திருக்கும். விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். காய்ந்த தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் பட்டாணி அளவு புதிதாக வையுங்கள். தேதி, நேரம் அடிக்கடி மாறினால் போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரியை மாற்றினால் போதும்.

இத்தனைக்கும் பிறகு ரெண்டர் வேகம் போதவில்லை என்றால் ஐ5-3470ஐக் கழற்றி அதே சாக்கெட்டில் ஐ7-3770 போடலாம். இரண்டுமே 77 வாட்தான். கிராபிக்ஸ் கார்டு ரிசால்வுக்கு வேண்டும். கேடென்லைவில் ஏற்றுமதி நேரத்தில்தான் பெரும்பாலும் உதவும். ஒல்லி கேபினெட்டில் பவர் சப்ளை 240 வாட், கார்டுக்கு மின்சாரம் தரும் தனி பின் இருக்காது. எனவே ஸ்லாட்டின் 75 வாட்டிலேயே ஓடும் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ மாதிரி கார்டு, அதுவும் குட்டை வடிவத்தில், பிராக்கெட்டோடு. தடிமன் பக்கத்து ஸ்லாட்டில் இடிக்கிறதா என்று அளந்துவிட்டு வாங்குங்கள். ஜிடி 1030ஐத் தவிர்க்கவும். வீடியோவை என்கோட் செய்யும் சிப் வசதியே அதில் கிடையாது.