பிராம்ப்டன் சென்சஸ் நம்பரை எப்படி படிக்கிறது

கனடாவுல டொராண்டோக்கு பக்கத்துல இருக்கற பிராம்ப்டன்ல 2001ல 3,25,428 பேர் இருந்தாங்க, 2021ல 6,56,480 பேர், இருபதே வருஷத்துல ரெண்டு மடங்கு. அந்த ஊர்ல யாரு எத்தனை பேருன்னு வாட்ஸப்ல ஆளாளுக்கு ஒரு சதவீதம் அனுப்பறாங்க, அதை அப்படியே நம்பாம நீங்களே பாத்துக்கலாம், ஒண்ணும் கஷ்டமில்ல.

முதல்ல சென்சஸ் எடுக்கற அரசு அமைப்பான ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கனடா சைட்ல சென்சஸ் ப்ரொஃபைல் பக்கத்துக்கு போய் பிராம்ப்டன்னு தேடுங்க. சிட்டியைத்தான் எடுக்கணும், பிராம்ப்டன் அடங்கின பீல் ரீஜியனை எடுத்தா பக்கத்து ஊர் மிசிசாகாவும் சேர்ந்து வந்துடும், டொராண்டோ மெட்ரோ ஏரியாவை எடுத்தா இன்னும் மோசம்.

அடுத்தது ரொம்ப முக்கியம், ஒரே வருஷத்தை மட்டும் பாக்காதீங்க, 2016ஐயும் 2021ஐயும் பக்கத்துல பக்கத்துல வைங்க. தெற்காசியர் 44% இருந்தது 52% ஆச்சு, இத மட்டும் பாத்தா எட்டு பாயிண்ட் ஏறிருக்குன்னு தோணும், அவ்ளோதான். ஆனா தலைக்கணக்கா மாத்தி பாருங்க. தெற்காசியர் ஏறக்குறைய 80 ஆயிரம் பேர் கூடியிருக்காங்க, ஊரு மொத்தமா கூடினதே 62,842 பேர்தான். அப்போ மத்தவங்க எல்லாரையும் சேர்த்தா எண்ணிக்கை குறைஞ்சிருக்குன்னு அர்த்தம், அதாவது புதுசா ஆள் வந்தது மட்டுமில்ல, ஏற்கனவே இருந்தவங்க கொஞ்சம் பேர் வெளியவும் போயிருக்கணும். சதவீதம் மட்டும் பாத்தா இந்த விஷயம் கண்ணுலயே படாது, எனக்கு இதுல இதுதான் பெரிய விஷயமா படுது.

தெற்காசியர்ங்கறதும் ஒரே கூட்டம் இல்லீங்க. பஞ்சாபி, குஜராத்தி, பாகிஸ்தானி, நம்ம தமிழர் எல்லாரும் அந்த ஒரே பெட்டிக்குள்ள. அதைப் பிரிக்கணும்னா தாய்மொழி டேபிளுக்கு போங்க, பஞ்சாபி தாய்மொழின்னு சொன்னவங்க மட்டும் ஊர்ல கிட்டத்தட்ட கால்வாசி. தமிழர் எத்தனைன்னு பாக்கவும் தாய்மொழிதான் ஓரளவு நம்பலாம், ஏன்னா பூர்வீகம் கேட்ட கேள்விக்கு ஒருத்தர் தமிழ்னு எழுதுவார், இன்னொருத்தர் ஸ்ரீலங்கன்னு எழுதுவார், வேறொருத்தர் இந்தியன்னு எழுதுவார், ரெண்டு மூணு சேர்த்தும் எழுதலாம், அதனால அந்த டேபிளைக் கூட்டினா 100%க்கு மேல போகும். இங்கயே பொறந்து வீட்ல இங்கிலீஷ்லயே வளர்ந்த பசங்க தாய்மொழி கணக்குல விட்டுப் போவாங்க, அதையும் மனசுல வச்சுக்கோங்க.

மதம் பத்து வருஷத்துக்கு ஒரு தடவைதான் கேக்கறாங்க, 2016ல தேடி டைம் வேஸ்ட் பண்ணாதீங்க. 2011ல சீக்கியர் சுமார் 19%, 2021ல 25%. ஆனா 2011ல மதம், இனம் மாதிரி விவரம் கேக்கற நீளமான ஃபாரம் கட்டாயம் இல்ல, இஷ்டப்பட்டவங்க மட்டும் நிரப்பினது, அதனால அந்த வருஷ நம்பரை கொஞ்சம் தள்ளி வச்சே பாக்கணும்.

இன்னொண்ணு, 2021 சென்சஸ் நாள் மே 11. கோவிட் நேரம், இந்தியாவுல இருந்து நேரடி ஃப்ளைட்டையே கனடா நிறுத்தி வச்சிருந்த சமயம், ஸ்டூடண்ட்ஸ் நிறைய பேர் வந்தே சேரல. பேஸ்மெண்ட்ல நாலஞ்சு பேரா தங்கியிருந்தவங்களும் கணக்குல விட்டுப் போறது சகஜம். அதனால இன்னிக்கு எத்தனை பேருன்னு தெரியணும்னா சென்சஸை விட்டுட்டு, விட்டுப்போனவங்களையும் சேர்த்து ஒவ்வொரு ஜூலை 1க்கும் போடற மதிப்பீட்டைப் பாருங்க. அதுல இனக் கணக்கு இருக்காது, அதுக்கு மறுபடி சென்சஸ்தான். ரெண்டையும் கலந்து ஒரு சதவீதம் போட்டுடாதீங்க.