கடல் தாண்டிய பேரப்பிள்ளையோடு ஒரு கதைப் புத்தகம்

பாட்டியோ தாத்தாவோ கதை சொல்ல, வெளிநாட்டில் இருக்கும் பேரப்பிள்ளை படம் வரைய, ஒரு குட்டிப் புத்தகமே செய்துவிடலாம். முதல் தடவைக்கு 8 பக்கம் போதும்: 2 ஏ4 தாளை நடுவில் மடித்தால் கணக்குச் சரியாக வரும். முன் பின் அட்டை போக, கதைக்கு 6 பக்கம்.

கதையை முழுசாகச் சொல்லிவிட்டால் பிள்ளைக்கு வேலை இல்லை. "நரி கிணத்தை எட்டிப் பார்த்துச்சு..." என்று வாட்ஸ்அப் குரல் பதிவை அங்கேயே நிறுத்துங்கள். பிள்ளை சொல்லும் மீதியை அப்படியே எழுதுங்கள், இலக்கணம் பார்க்காதீர்கள்.

சொதப்புவது பெரும்பாலும் படத்தில்தான். தாளை நெட்டுவாக்கில் வைத்து, சுற்றிலும் 2 செ.மீ. விட்டு வரையவேண்டும், இல்லாவிட்டால் நரிக்கு வால் இருக்காது! பென்சில் கோடு அச்சில் மங்கிவிடும், அதன்மேல் கறுப்பு ஸ்கெட்ச் பேனா ஓட்டச் சொல்லுங்கள். பகல் வெளிச்சத்தில் நேர் மேலிருந்து போட்டோ எடுத்து, வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பட்டும். சாதாரணப் படமாக வந்தால் தரம் குறைந்துவிடும்.

பக்க வரிசைப்படி பிடிஎஃப் ஆக்கி, ஜெராக்ஸ் கடையில் 'புக்லெட்' பிரிண்ட் (மடித்தால் பக்கங்கள் வரிசையாக வரும்படி அச்சடிப்பது) கேளுங்கள். தாளின் இரு பக்கமும் அச்சடிக்கும்போது, குறுகிய ஓரமாகத் திருப்பும்படி பிரிண்டரில் வைக்காவிட்டால் பின்பக்கம் தலைகீழாக வரும். வீட்டு ஸ்டேப்ளர் நடு மடிப்புக்கு எட்டாது. மடிப்பில் 3 துளை போட்டு, தடித்த நூலால் தைத்துவிடுங்கள். இரண்டு பிரதி எடுங்கள், ஒன்று தபாலுக்கு.